மனித நிணவணுக்களின் தொடக்க வளர்ச்சியில் மரபணு வெளிப்பாடு

மனித நிணவணுக்களின் தொடக்க வளர்ச்சியில் மரபணு வெளிப்பாடு என்பது, குருதிக் குருத்தணு ஒன்று பி உயிரணுவாகவோ டி உயிரணுவாகவோ மாறும் வழியில் எந்தெந்த மரபணுக்கள், எந்த நிலையில், எந்த வரிசையில் இயங்குகின்றன, எவை அடங்குகின்றன என்பதைக் குறிக்கும். மனித மரபணுத்தொகையில் புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. தோல் உயிரணுவிலும் நரம்பணுவிலும் நிணவணுவிலும் இருப்பவை இதே மரபணுக்களே. அவற்றுள் எவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன என்பதே ஓர் உயிரணுவை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது.

இவ்வரிசை ஓரிடத்தில் அறுந்தாலும் விளைவு பெரிது. இதில் இன்றியமையாத மரபணு ஒன்று செயல்படாத குழந்தை, பிறக்கும்போது நலமாகவே தோன்றும். தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரிகள் குறையத் தொடங்கும் சில மாதங்களில் எளிய தொற்றுகளும் அதற்குக் கடும் நோயாகிவிடும். உரிய மருத்துவம் கிடைக்காவிடில் இத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துவிடும். மனிதரில் எந்த மரபணு எந்த நிலையில் தேவை என்பது பற்றிய அறிவில் கணிசமான பகுதி இக்குழந்தைகளிடமிருந்து கிடைத்ததே ஆகும்.

அடிப்படைக் கருத்துகள்

மரபணு ஒன்றிலுள்ள செய்தி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, பின்னர் புரதமாக மொழிபெயர்க்கப்படுவதே மரபணு வெளிப்பாடு ஆகும். எந்த மரபணு படியெடுக்கப்பட வேண்டும் என்பதைப் படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள் முடிவு செய்கின்றன. இவை டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு அருகிலோ தொலைவிலோ உள்ள மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும். படியெடுப்புக் காரணிகளும் மரபணுக்களின் விளைபொருள்களே என்பதால், ஒரு காரணி மற்றொன்றை இயக்க, அது மூன்றாவதை இயக்கி முதலாவதை அடக்க என ஒரு வலை உருவாகிறது.

இதைக் கணினி நிரல் ஒன்றின் கட்டளை வரிசையோடு ஒப்பிடுவது வழக்கம். இவ்வொப்புமை ஓரளவுக்கே பொருந்தும். நிரல் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும். உயிரணுவிலோ நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரே நேரத்தில், கூடியும் குறைந்தும் இயங்குகின்றன. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு உயிரணுக்கள்கூட ஒரு கணத்தில் ஒரே அளவில் ஒரு மரபணுவை வெளிப்படுத்துவதில்லை.

வளர்ச்சி நடைபெறும் இடங்கள்

மனிதக் கருவில் குருதி உயிரணுக்கள் முதன்முதலில் தோன்றும் இடம் கருவின் உடலுக்குள் இல்லை. அதனோடு இணைந்த கருவுணவுப் பையில் உள்ளது. கருவுற்ற மூன்றாம் வாரத்தில் இங்கு உருவாகும் உயிரணுக்கள் பெரும்பாலும் சிவப்பணுக்களும் விழுங்கணுக்களுமே. வாழ்நாள் முழுவதும் குருதியை உருவாக்கவல்ல குருத்தணுக்கள், நான்காம் ஐந்தாம் வாரங்களில் கருவின் பெருந்தமனிச் சுவரிலிருந்து பிரிந்து வருகின்றன. குழாய்ச் சுவர் உயிரணு குருதி உயிரணுவாக உருமாறும் இந்நிகழ்வுக்கு ரன்க்ஸ்-1 என்னும் படியெடுப்புக் காரணி இன்றியமையாதது.

அங்கிருந்து இவை கல்லீரலைச் சென்றடைகின்றன. கருவின் வளர்ச்சிக் காலத்தின் நடுப்பகுதி வரை கல்லீரலே குருதி உற்பத்தியின் தலைமை இடமாகும். ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் தைமசுச் சுரப்பியில் முதல் முன்னோடி உயிரணுக்கள் குடியேறுகின்றன. எலும்பு மச்சை இதற்குச் சில வாரங்கள் பிந்தியே இப்பணியைத் தொடங்கி, பிறப்பதற்குள் அதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறது.

பி உயிரணுவின் பெயர் எலும்பு மச்சையிலிருந்து வந்ததென்று பலர் கருதுவதுண்டு. உண்மையில் அது கோழியின் கழிவாய் அருகேயுள்ள பர்சா என்னும் உறுப்பின் முதலெழுத்தாகும். பாலூட்டிகளில் அவ்வுறுப்பு இல்லை. டி உயிரணுவின் பெயர் தைமசிலிருந்து வந்தது. தைமசை அகற்றிய எலிக்குட்டிகளின் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றுவதை 1961-ஆம் ஆண்டு இலண்டனில் ஜாக் மில்லர் காட்டும்வரை, அச்சுரப்பி பயனற்றது என்றே பரவலாகக் கருதப்பட்டது.

மரபணுவை வெட்டி ஒட்டும் மரபணுக்கள்

பிற உயிரணுக்கள் தம் மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் மட்டுமே செய்கின்றன. நிணவணுவோ தன் டி.என்.ஏ.வையே வெட்டி மாற்றி ஒட்டிக்கொள்கிறது. எண்ணற்ற அயற்பொருள்களை இனங்காணும் ஏற்பிகளை 20,000 மரபணுக்களைக் கொண்டு எப்படி உருவாக்க முடியும் என்ற நெடுநாள் புதிருக்கு, 1976-இல் சுசுமு தொனெகாவா விடை கண்டார். இதற்காக அவருக்கு 1987-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிறபொருளெதிரியின் கனத்த சங்கிலிக்கான பகுதி 14-ஆம் நிறப்புரியில் வி, டீ, ஜே என்னும் மூவகைத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. (நடுத்துண்டைக் குறிக்கும் டீ, டி உயிரணுவின் டி அன்று, ஆங்கிலத்தில் இவை இருவேறு எழுத்துகள்.) மனிதரில் செயல்படும் வி துண்டுகள் ஏறத்தாழ 40, டீ துண்டுகள் 23, ஜே துண்டுகள் 6. ஒவ்வொரு பி உயிரணுவும் ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒன்றைத் தெரிந்தெடுத்து இணைப்பதால், இச்சங்கிலியில் மட்டும் 5,500-க்கு மேற்பட்ட சேர்க்கைகள் கிடைக்கின்றன. துண்டுகள் இணையும் இடத்தில் டிடிடி என்னும் நொதி எழுத்துகளைத் தன்போக்கில் செருகுவதால் இவ்வெண்ணிக்கை பன்மடங்கு பெருகுகிறது.

வெட்டும் வேலையைச் செய்பவை ராக்-1, ராக்-2 என்னும் இரண்டு மரபணுக்களின் புரதங்கள். டேவிட் பால்டிமோரின் ஆய்வகத்தில் டேவிட் சாட்சு, மார்சோரி ஓட்டிங்கர் ஆகியோர் 1989, 1990 ஆண்டுகளில் இவற்றைக் கண்டறிந்தனர். அவர்கள் கையாண்ட முறை எளிமையும் துணிவும் மிக்கது. துண்டுகளை ஒருபோதும் இணைக்காத இணைப்புத்திசு உயிரணுக்களுக்குள் பிற டி.என்.ஏ.வைச் செலுத்தி, அவற்றுள் எது திடீரென அத்துண்டுகளை இணைக்கத் தொடங்குகிறது என்று பார்த்தனர். நிணவணுவுக்கே உரியதாக எண்ணப்பட்ட ஓர் ஆற்றல், 11-ஆம் நிறப்புரியில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு மரபணுக்களை இயக்கினாலேயே வேறோர் உயிரணுவுக்கும் வந்துவிடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டும் நொதி ஆபத்தானது. ஆகவே ராக் மரபணுக்கள் தொடர்ந்து இயங்குவதில்லை. பி, டி ஆகிய இரு வழிகளிலும் அவை இரண்டு அலைகளாக இயங்குகின்றன. இரு அலைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் உயிரணு பலமுறை பிளந்து பெருகுகிறது. டி.என்.ஏ. படியெடுத்துப் பெருகும் வேளையில் அது வெட்டப்படாதிருக்கவே இந்த இடைவெளி. இதனை உறுதிசெய்ய இன்னொரு காப்பும் உள்ளது: உயிரணு பிளவுக்குத் தயாராகும்போது ராக்-2 புரதமே அழிக்கப்பட்டுவிடும்.

பி உயிரணுவின் வழி

குருத்தணு நிலையில் எல்எம்ஓ-2, ரன்க்ஸ்-1 போன்ற மரபணுக்கள் இயங்குகின்றன. மேற்பரப்பில் சிடி34 என்னும் புரதம் காணப்படும். நிணவணு வழியில் முதல் அடி எடுத்துவைக்கும் முன்னோடி உயிரணுவில் ஐகரோஸ், ஈ2ஏ ஆகிய காரணிகள் வலுப்பெறுகின்றன. சிவப்பணு, விழுங்கணு ஆகியவற்றுக்குரிய மரபணுக்கள் இந்நிலையிலும் மெலிதாக வெளிப்படுவதுண்டு. எந்த வழி என்று முடிவாவதற்கு முன் பல வழிகளின் மரபணுக்களும் குறைந்த அளவில் திறந்திருப்பதை இது காட்டுகிறது.

அடுத்து ஈபிஎஃப்-1, அதைத் தொடர்ந்து பாக்ஸ்-5 ஆகிய காரணிகள் இயங்குகின்றன. பாக்ஸ்-5 செய்யும் வேலை இருவகைப்பட்டது. சிடி19 முதலிய பி உயிரணு மரபணுக்களை அது இயக்குகிறது. அதே வேளையில் பிற வழிகளுக்குரிய மரபணுக்களை அடைக்கிறது. இரண்டாவது பணியே முக்கியமானது என்பதை 1999-இல் வெளியான எலி ஆய்வுகள் காட்டின. பாக்ஸ்-5 இல்லாத எலியின் தொடக்கநிலை பி உயிரணுக்களைத் தக்க சூழலில் வளர்த்தபோது அவை விழுங்கணுக்களாகவும் டி உயிரணுக்களாகவும் மாறின. 2007-இல் இதைவிட வியப்பான முடிவொன்று வந்தது. முதிர்ச்சியடைந்த பி உயிரணுவிலிருந்து பாக்ஸ்-5-ஐ நீக்கியபோது அது பின்னோக்கிச் சென்று, தைமசில் டி உயிரணுவாக மாறியது. ஆகவே பி உயிரணு என்னும் அடையாளம் ஒருமுறை பெற்று வைத்துக்கொள்வது அன்று. நாளும் காக்கப்பட வேண்டியது.

பாக்ஸ்-5 இயங்கும் இதே காலத்தில் ராக் மரபணுக்களின் முதல் அலை எழுகிறது. கனத்த சங்கிலியின் துண்டுகள் இணைகின்றன. மரபுக்குறியீடு மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால், தன்போக்கில் நிகழும் இணைப்புகளில் மூன்றில் இரண்டு பயனற்றுப் போகும். இணைப்பு சரியாக அமைந்ததா என்பதைச் சோதிக்க உயிரணு ஒரு வழி வைத்திருக்கிறது. மெல்லிய சங்கிலி அப்போது உருவாகியிருக்காது. அதற்குப் பதிலாக விபிரெபி-1, ஐஜிஎல்எல்-1 என்னும் மரபணுக்கள் பதிலி ஒன்றை உருவாக்கித் தருகின்றன. புதிய கனத்த சங்கிலி இப்பதிலியோடு சேர்ந்து முன்னோடி ஏற்பியாக மேற்பரப்பை அடைந்தால், பிடிகே என்னும் நொதி வழியே உள்ளே சமிக்ஞை செல்லும். சமிக்ஞை கிடைத்த உயிரணு ராக்கை அடக்கி, பிளவுக்குரிய மரபணுக்களை இயக்கிப் பெருகும். கிடைக்காத உயிரணு இறக்கும்.

பெருக்கம் ஓய்ந்தபின் இரண்டாம் அலையாக ராக் மீண்டும் இயங்கி மெல்லிய சங்கிலியை அமைக்கிறது. பதிலி மரபணுக்கள் அடங்குகின்றன. முழுமையான பிறபொருளெதிரி ஒன்றை மேற்பரப்பில் தாங்கிய இளம் பி உயிரணு உருவாகிறது.

டி உயிரணுவின் வழி

தைமசுக்கு வந்துசேரும் முன்னோடி உயிரணு டி உயிரணுவாகவே ஆக வேண்டும் என்ற முடிவோடு வருவதில்லை. அம்முடிவைத் தைமசின் சூழலே தருகிறது. தைமசின் மேலணி உயிரணுக்களில் ஃபாக்ஸ்என்-1 என்னும் காரணி இயங்குகிறது. அதன் தூண்டலால் அவ்வுயிரணுக்கள் டிஎல்எல்-4 என்னும் புரதத்தை மேற்பரப்பில் காட்டுகின்றன. முன்னோடியின் நாட்ச்-1 ஏற்பி அதைத் தொட்டதும், டிசிஎஃப்-7, காட்டா-3 ஆகியவையும் பின்னர் பிசிஎல்11பி-யும் இயங்கத் தொடங்குகின்றன. எலியில் நாட்ச்-1-ஐ நீக்கினால் தைமசுக்குள் டி உயிரணுக்களுக்கு மாறாக பி உயிரணுக்கள் உருவாகின்றன.

பிசிஎல்11பி இயங்கியபின் திரும்பும் வழி அடைபடுகிறது. அதற்கு முன்பு அவ்வுயிரணு இயற்கைக் கொலையணுவாகவோ விழுங்கணுவாகவோ மாறும் வாய்ப்பு இருந்தது. மனிதத் தைமசில் சிடி34-உடன் சிடி1ஏ என்னும் புரதமும் தோன்றுவது இந்த அடைப்பின் வெளி அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

ஏற்பித் துண்டுகள் இணைவதிலும் ஒரு வரிசை உண்டு. மனிதரில் முதலில் டெல்டா, பின்னர் காமா, பீட்டா, கடைசியாக ஆல்பா சங்கிலி. பீட்டா சங்கிலியைச் சோதிக்க இங்கும் பதிலி ஒன்று உள்ளது. டெல்டா சங்கிலியின் துண்டுகள் ஆல்பா சங்கிலியின் பகுதிக்கு நடுவே அமைந்துள்ளன. ஆகவே ஆல்பாவை அமைக்க முனையும் உயிரணு டெல்டாவை வெட்டியெறிந்தாக வேண்டும். வெட்டுண்ட டி.என்.ஏ. சிறு வளையமாக மூடிக்கொண்டு உயிரணுவுக்குள்ளேயே தங்கிவிடும். பயனற்ற கழிவாகத் தோன்றும் இவ்வளையம் மருத்துவத்தில் பெற்ற இடம் கீழே கூறப்படுகிறது.

ஏற்பி முழுமையான பின் சிடி4, சிடி8 ஆகிய இரண்டையும் தாங்கிய உயிரணு சோதனைக்கு உள்ளாகிறது. உடலின் சொந்தப் புரதங்களைச் சிறிதும் இனங்காணாதவை கவனிப்பாரற்று இறக்கின்றன; மிக வலுவாக இனங்காண்பவையுள் பெரும்பாலானவை அழிக்கப்படுகின்றன. தைமசில் உருவாகும் உயிரணுக்களுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வெளியேறுவதே இல்லை.

இச்சோதனைக்காகத் தைமசின் உட்பகுதி மேலணி உயிரணுக்கள் செய்யும் வேலை, மரபணு வெளிப்பாட்டின் பொதுவிதிக்கே நேர்மாறானது. ஏர் என்னும் மரபணுவின் துணையோடு அவை இன்சுலின் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான பிற உறுப்புகளின் புரதங்களைச் சிறிது சிறிதாக உருவாக்கி, வளரும் டி உயிரணுக்களுக்குக் காட்டுகின்றன. 1997-இல் கண்டறியப்பட்ட இம்மரபணுவில் பிறழ்வு உடையோரின் டி உயிரணுக்கள், அண்ணீரகச் சுரப்பி, இணைகேடயச் சுரப்பி முதலிய சொந்த உறுப்புகளையே தாக்குகின்றன. பின்லாந்து மக்களிடையே இந்நோய் ஒப்பளவில் மிகுதியாகக் காணப்படுகிறது.

எலியும் மனிதனும்

மேலே கூறியவற்றுள் பல முதலில் எலிகளில் கண்டறியப்பட்டவை. காரணிகளின் பட்டியல் இரு இனங்களிலும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் எலியின் முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்துவது பலமுறை தவறாகியுள்ளது.

இதற்குச் சிறந்த சான்று இன்டர்லூகின்-7 என்னும் சமிக்ஞைப் புரதத்தின் ஏற்பியாகும். இதற்கான ஐஎல்7ஆர் மரபணுவை நீக்கிய எலியில் டி, பி உயிரணுக்கள் இரண்டுமே மிக அரிதாகிவிடும். ஆகவே பி உயிரணுவின் வளர்ச்சிக்கு இச்சமிக்ஞை கட்டாயம் என்று கருதப்பட்டது. 1998-இல் இதே மரபணுவில் பிறழ்வு கொண்ட குழந்தைகள் கண்டறியப்பட்டபோது, அவர்களிடம் டி உயிரணுக்கள் இல்லை. பி உயிரணுக்களோ எண்ணிக்கையில் குறையாமல் இருந்தன. மனித பி உயிரணு இச்சமிக்ஞை இன்றியும் தன் தொடக்க வளர்ச்சியைக் கடக்க வல்லது.

பிடிகே இதற்கு எதிர்த்திசைச் சான்று. எலியில் இம்மரபணு பழுதானால் பி உயிரணுக்கள் குறையுமே தவிர மறைவதில்லை. மனிதரில் அவை ஏறத்தாழ முற்றிலும் இல்லாமற் போகும். தைமசிலும் ஒரு சிறு வேறுபாடு உண்டு: இரட்டை நிலையை அடையுமுன் எலியின் உயிரணு முதலில் சிடி8-ஐயும், மனித உயிரணு முதலில் சிடி4-ஐயும் வெளிப்படுத்துகின்றன.

மரபணு தவறும்போது

பிறவிக் குறைபாடுகளுள் முதலில் விளக்கம் பெற்றது பிடிகே சார்ந்ததே. 1952-இல் அமெரிக்கப் படை மருத்துவர் ஆக்டன் புரூட்டன், திரும்பத் திரும்பத் தொற்றுக்கு ஆளான 8 வயதுச் சிறுவனின் குருதியில் காமா குளோபுலின் என்னும் பகுதியே இல்லாதிருப்பதைக் கண்டார். அதை ஊசிமூலம் செலுத்தி நோயைக் கட்டுப்படுத்தினார். காரணமான மரபணு 1993-இல் இரு குழுக்களால் கண்டறியப்பட்டு, புரூட்டனின் பெயராலேயே வழங்குகிறது. இந்நோயாளிகளின் எலும்பு மச்சையில் முன்னோடி ஏற்பியைச் சோதிக்கும் நிலையிலேயே வளர்ச்சி நின்றுவிடுகிறது.

டி உயிரணுக்களே இல்லாத நிலை இன்னும் கடுமையானது. இது கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு எனப்படும். எந்த மரபணு தவறியது என்பதைப் பொறுத்து எஞ்சும் உயிரணுக்கள் மாறுபடும். ராக் மரபணுக்கள் செயலற்றால் டி, பி இரண்டும் இரா. கொலையணுக்களுக்கு வெட்டி ஒட்டும் வேலை இல்லையாதலால் அவை மட்டும் இருக்கும். எக்சு நிறப்புரியிலுள்ள ஐஎல்2ஆர்ஜி தவறினால் டி உயிரணுவும் கொலையணுவும் இரா. பி உயிரணு இருக்கும், ஆனால் உதவி கிடைக்காமையால் அது பயன்படாது. ஒரு குழந்தையின் குருதியில் எவை உள, எவை இல என்று எண்ணிப் பார்ப்பதே பழுதான மரபணுவை ஊகிக்கும் முதற்படியாக இருப்பது இதனாலேயே.

ஐஎல்2ஆர்ஜி குறைபாட்டால் பொதுமக்கள் பெரிதும் அறிந்தவர் டெக்சாசைச் சேர்ந்த டேவிட் வெட்டர். 1971-இல் பிறந்த அவர், கிருமி நீக்கப்பட்ட நெகிழிக் கூடாரத்துக்குள் வாழ்ந்தார். தமக்கையின் எலும்பு மச்சையைப் பெற்ற சில மாதங்களில், அதில் மறைந்திருந்த தீநுண்மியால் ஏற்பட்ட நிணநீர்ப் புற்றுநோயால் 1984-இல் தம் 12-ஆம் வயதில் இறந்தார். இந்நோய்க்குரிய மரபணு 1993-இல்தான் கண்டறியப்பட்டது.

1999-இல் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் ஆலன் ஃபிசர், மரினா கவசானா ஆகியோரின் குழு, இக்குழந்தைகளின் குருத்தணுக்களுக்குள் நலமான ஐஎல்2ஆர்ஜி-யைத் தீநுண்மி ஊர்தி மூலம் செலுத்தும் மருத்துவத்தைத் தொடங்கியது. டி உயிரணுக்கள் தோன்றின. குழந்தைகள் வீடு திரும்பினர். ஆனால் பாரிசிலும் இலண்டனிலும் மருத்துவம் பெற்ற 20 பேருள் 5 பேருக்குப் பின்னர் குருதிப் புற்றுநோய் ஏற்பட்டு, அவர்களுள் ஒருவர் இறந்தார். பெரும்பாலானோரில் ஊர்தி எல்எம்ஓ-2 மரபணுவின் அருகே அமர்ந்து அதை இயக்கியிருந்தது. குருத்தணுவில் இயல்பாக இயங்கும் இம்மரபணு, டி உயிரணுவின் வழியில் அடங்கியாக வேண்டியது. அடங்க வேண்டிய ஒன்று அடங்காமற் போனதன் விளைவு, இயங்க வேண்டிய ஒன்று இயங்காமற் போனதற்கு இணையாகக் கடுமையாயிருந்தது. பின்னர் வந்த ஊர்திகள் அருகிலுள்ள மரபணுக்களை இயக்காதவாறு மாற்றியமைக்கப்பட்டன.

குழந்தைப் பருவக் குருதிப் புற்றுநோயும் இவ்வரிசையோடு தொடர்புடையதே. 2007-இல் வெளியான ஆய்வொன்றில், பி முன்னோடி வகைப் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் 31.7 விழுக்காட்டினரின் புற்றணுக்களில் பாக்ஸ்-5 பழுதுற்றிருந்தது. இவ்வகையில் பரவலாகக் காணப்படும் ஈடிவி6, ரன்க்ஸ்-1 மரபணுக்களின் பிணைப்பு, பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்பதை ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்த இரட்டையரிடம் செய்த ஆய்வுகள் காட்டின. பிணைப்பு மட்டும் போதாது. பின்னர் சேரும் பிறழ்வுகள் பலவற்றில் ராக் நொதியின் வெட்டுத்தடங்கள் காணப்படுகின்றன.

முதிர்கருவும் வளர்ந்தோரும்

கருவில் உருவாகும் நிணவணு, வளர்ந்தவரிடம் உருவாகும் நிணவணுவின் சிறு வடிவம் அன்று. கருவின் குருத்தணுக்களில் லின்28பி என்னும் மரபணு மிகுதியாக வெளிப்படுகிறது. வளர்ந்தோரில் அது அடங்கிவிடுகிறது. 2012-இல் வெளியான ஆய்வில், வளர்ந்த எலியின் குருத்தணுக்களில் இதனை இயக்கியபோது அவை கருவுக்குரிய வகை நிணவணுக்களை உருவாக்கின. கருவின் பிறபொருளெதிரிகளில் டிடிடி செருகும் எழுத்துகள் குறைவாதலால் அவற்றின் வேறுபாடும் குறைவு.

கருவின் டி உயிரணுக்கள் தாயின் உயிரணுக்களைச் சந்திக்கும்போது, தாக்குவதற்கு மாறாக, ஃபாக்ஸ்பி-3 மரபணுவை இயக்கி ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்களாக மாறும் போக்குடையவை என 2008-இல் கண்டறியப்பட்டது. பாதி தந்தையின் மரபணுக்களைக் கொண்ட கருவைத் தாய் எவ்வாறு பொறுத்துக்கொள்கிறாள் என்பது பழைய வினா. கருவும் தாயைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது பெரிதும் எண்ணப்படாதிருந்தது.

ஆய்வு முறைகள்

தொடக்கத்தில் மேற்பரப்புப் புரதங்களைக் கொண்டு உயிரணுக்களைப் பிரித்து, ஒவ்வொரு குவியலின் ஆர்.என்.ஏ.வையும் ஒருசேர அளந்தனர். இதில் கிடைப்பது சராசரியே. அரிதான இடைநிலை உயிரணுக்கள் சராசரியில் மறைந்துவிடும். 2009-இல் ஒற்றை உயிரணு ஒன்றின் ஆர்.என்.ஏ. முழுவதையும் வரிசைப்படுத்தும் முறை வெளியானது. 2015 முதல் நுண்துளிகளில் உயிரணுக்களை அடைத்து ஆயிரக்கணக்கில் அளக்கும் முறைகள் வந்தன. 2016-இல் தொடங்கப்பட்ட மனித உயிரணு வரைபடத் திட்டத்தில் இம்முறை பெருமளவில் கையாளப்பட்டது.

2019-இல் கருவின் கல்லீரலிலிருந்து ஏறத்தாழ 1,40,000 உயிரணுக்களும், தோல், சிறுநீரகம், கருவுணவுப் பை ஆகியவற்றிலிருந்து 74,000 உயிரணுக்களும் அளக்கப்பட்டன. 2020-இல் கருப்பருவம் முதல் முதிர்பருவம் வரையிலான தைமசின் வரைபடம் வெளியானது. 2022-இல் 9,00,000-க்கு மேற்பட்ட உயிரணுக்களைக் கொண்ட பல உறுப்பு வரைபடம், கல்லீரல், எலும்பு மச்சை, தைமசு ஆகியவற்றுக்கு வெளியேயும் கருவில் குருதி, நோயெதிர்ப்பு உயிரணுக்கள் வளர்வதைக் காட்டியது. இவ்வகை ஆய்வுகளுக்கான திசு, சட்டத்துக்குட்பட்ட கருக்கலைப்புக்குப் பின் பெண்கள் எழுத்துமூல இசைவுடன் அளித்ததாகும்.

இவ்வரைபடங்களைப் படிக்கையில் சில வரம்புகளை மனத்திற்கொள்ள வேண்டும். அளக்கப்படும் உயிரணு அக்கணமே அழிகிறது. அது அடுத்து என்னவாகியிருக்கும் என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒத்த வெளிப்பாடுடைய உயிரணுக்களைக் கணினி அடுத்தடுத்து வரிசைப்படுத்த, அவ்வரிசை வளர்ச்சியின் காலவரிசையாகக் கொள்ளப்படுகிறது. இது கணித்த காலமே, கடிகாரக் காலம் அன்று. மேலும் ஆர்.என்.ஏ. இருப்பதாலேயே புரதமும் இருக்கும் என்று கொள்ள முடியாது. மேலே கூறிய ராக்-2 புரதத்தின் அழிவே இதற்குச் சான்று.

பிறந்த குழந்தைகளுக்கான சோதனை

ஆல்பா சங்கிலியை அமைக்கும்போது வெட்டியெறியப்படும் டி.என்.ஏ. வளையம், உயிரணு பிளக்கும்போது பெருகுவதில்லை. எனவே குருதியில் இவ்வளையங்களின் எண்ணிக்கை, தைமசிலிருந்து அண்மையில் வெளிவந்த டி உயிரணுக்களின் அளவைக் காட்டும். வளையமே இல்லையெனில் அக்குழந்தையின் தைமசு வேலை செய்யவில்லை எனக் கொள்ளலாம். பழுதான மரபணு எதுவாயினும் சோதனை ஒன்றே. குழந்தையின் குதிகாலில் குத்தி வடிதாளில் உலர்த்திய ஒரு துளிக் குருதி இதற்குப் போதும்.

2008-இல் அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலம் இச்சோதனையைப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்கியது. 2018-இன் இறுதிக்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் இதை ஏற்றன. 30 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து 2014-இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு 58,000 குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்பட்டது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வின்படி, மூன்றரை மாத வயதுக்குள் குருத்தணு மாற்று மருத்துவம் பெற்ற குழந்தைகளுள் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். அவ்வயதைக் கடந்து, தொற்று நீங்காத நிலையில் அம்மருத்துவத்தைப் பெற்றவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேரே பிழைத்தனர்.

நெருங்கிய உறவுக்குள் திருமணம் நடைபெறும் சமூகங்களில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படியைப் பெற்றால் மட்டுமே தோன்றும் ராக், ஐஎல்7ஆர் வகைகள் கூடுதலாகக் காணப்படும். இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி பிறந்தவுடனேயே போடப்படுகிறது. அது உயிருள்ள நுண்ணுயிரியைக் கொண்டது. டி உயிரணுக்கள் இல்லாத குழந்தையின் உடலில் அந்நுண்ணுயிரியே பரவி உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடும். தடுப்பூசி இட்ட இடத்தில் ஆறாத புண்ணும் அக்குளில் வீங்கிய நிணநீர்க்கணுவும், முன்பு ஒரு குழந்தையைக் கைக்குழந்தைப் பருவத்தில் இழந்த குடும்பத்தில் காணப்படுமாயின், மருத்துவர்கள் அக்குழந்தையின் நிணவணுக்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம்.